பாலிங்கிலிருந்து வந்ததாகச் சொன்ன செய்தி

சென்ற மாதம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு லூனாஸ் தொழிற்சாலையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"அங்கிள், கடவுச்சொல்லை வச்சு செய்திகளுக்குச் சரிபார்ப்புக் குறியீடு போடுற வேலை குடுத்திருக்காங்க. புது கிரிப்டோகிராஃபி லைப்ரரில ஒரே ஒரு ஃபங்ஷன்தான் இருக்கு. செய்தியும் பாஸ்வேர்டும் குடுத்தா குறியீடு வந்துருது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"ஏன் அங்கிள் குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"யாராவது அவ்வளவுதானேன்னு கேட்டா எனக்குக் குரல் அப்படித்தான் ஆகும்."

சிரித்தாள். பிறகு, வாய்ஸ் நோட்டாகப் போடாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். என் வாய்ஸ் நோட்டுகளை யாரும் இறுதிவரை கேட்பதில்லை என்பதை நாகரிகமாக அப்படிச் சொன்னாள். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குலிமில் பள்ளி, பினாங்கில் கணினிப் படிப்பு, பிறகு கம்பெனி செலவில் மறையாக்கம் பற்றி சில பயிற்சிகள். அந்தப் பயிற்சிகளில் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு படங்களாகப் போட்டுக் காட்டினார்கள்: யாரையும் நம்பாதே. எனக்கு அது சுபாவத்திலேயே இருந்தது. சான்றிதழ் மட்டும்தான் புதிது.

தொழிற்சாலை ரப்பர் கையுறை செய்வது. பாலிங், புக்கிட் செலம்பாவ் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலை அந்தந்த ஊர் சேகரிப்பு நிலையத்தில் வாங்கி, கெடாமலிருக்க அமோனியா கலந்து, டேங்கரில் லூனாசுக்கு அனுப்புவார்கள். டேங்கர் கிளம்பும்போது நிலையத்து லேபில் ஒரு மாதிரி எடுத்து வைப்பார்கள். பால் கெட ஆரம்பித்தால் அதில் ஒருவகை அமிலம் கூடும். அந்த அளவு பார்த்துச் சொல்ல கொஞ்ச நேரம் பிடிக்கும். டேங்கர் மலைச்சாலையில் இறங்கி வருவதற்குள் லேபிலிருந்து செய்தி லூனாசுக்கு வந்துவிடும்: பால் நன்று, அல்லது பால் கெட்டது. கெட்டது என்றால் டேங்கரை வாசலிலேயே திருப்பிவிடுவோம்; பால் போதாமல் அன்று உற்பத்தி நின்றாலும் நிற்கும். நன்று என்றால் பெரிய தொட்டியில் கொட்டிவிடுவோம். தொட்டியில் கொட்டிய பிறகு எந்தப் பால் யாருடையது என்று கடவுளாலும் பிரிக்க முடியாது.

அதனால்தான் அந்தச் செய்திக்கு ஒரு காவல் தேவைப்பட்டது. காவல் போட்டது நான்.

அது எப்படி என்றால், நிலையத்துக்கும் லூனாசுக்கும் மட்டும் தெரிந்த கடவுச்சொல் ஒன்று இருக்கும். மனிதர்கள் வைக்கும் கடவுச்சொல்லின் லட்சணம் லைப்ரரியை, அதாவது நாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை, எழுதியவர்களுக்குத் தெரியும். அதை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். 'உப்பு' என்று குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எண்வரிசையை அதோடு சேர்த்து, பல ஆயிரம் சுற்று அரைத்து, அதிலிருந்து ஒரு சாவி எடுப்பார்கள். அந்தச் சாவியையும் செய்தியையும் சேர்த்து அரைத்தால் சின்னதாக ஒரு குறியீடு விழும். செய்தியோடு குறியீடும், என்ன உப்பு, எத்தனை சுற்று என்ற விவரமும் ஒட்டிக்கொண்டு போகும். பெறுபவர் தன்னிடமிருக்கும் அதே கடவுச்சொல்லை வைத்து அதே வேலையைச் செய்து பார்ப்பார். இரண்டு குறியீடும் ஒன்றாக இருந்தால் திரையில் பச்சை. செய்தியில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சிவப்பு.

கவிதா, 'அதே வேலையைச் செய்து பார்ப்பார்' என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தை ஒன்றும் தோன்றாமல் தாண்டிப் போயிருந்தால் திரும்பிப் போய்ப் படி.

எங்கள் தரப் பிரிவின் தலைவர் ஞானசேகரம். அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டையின் மடிப்பு மாலை வரை கலையாது. அவர் எந்த உத்தரவையும் எழுதமாட்டார். தன் அறையிலிருந்து நடந்து வருவார். உங்கள் மேசை விளிம்பில் இரண்டு விரலை வைப்பார். திரையைப் பார்த்தபடி, உங்களைப் பார்க்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்வார். விரலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு தேடினால் மேசையில் விரல் தடம்கூட இருக்காது. நான் ஒரு வழி வைத்திருந்தேன். அவர் போனதும், 'சற்று முன் தாங்கள் வாய்மொழியாகச் சொன்னபடி' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போடுவேன். அவற்றில் எதற்கும் பதில் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அவர் திறந்து படித்திருப்பதை என் கணினி எனக்குச் சொல்லும்.

கடவுச்சொல் விதியை நான் எழுதியபோது நீளமாக இருக்க வேண்டும், சொற்களும் எண்களும் கலந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தேன். இரண்டு விரல் வந்தது.

"நாதன், செண்டர்ல இருக்கிறவங்க பாவம். இவ்வளவு நீளமா வச்சா மறந்துருவாங்க. நாலு எழுத்து போதும்னு போட்டுருங்க."

"சார், நாலுன்னா எத்தனை சுற்று அரைச்சாலும் பிரயோஜனம் இல்ல. எல்லாத்தையும் ஒண்ணு விடாம முயற்சி பண்ணிப் பாத்துரலாம்."

"யார் பாக்கப் போறா? பாலிங்லயா?"

விரல் போய்விட்டது. நான் மின்னஞ்சல் போட்டேன். திறந்து படித்தார்.

வழக்கு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். ஒரு நாள் உற்பத்திப் பிரிவிலிருந்து கூச்சல் வந்தது. கையுறைகளில் நீர் ஊற்றிப் பார்த்தால் ஒழுகுகிறது. ஒன்றிரண்டு அல்ல, பெட்டி பெட்டியாக. தொட்டிப் பாலைச் சோதித்தார்கள். கெட்டிருந்தது. கடைசியாகத் தொட்டியில் கொட்டியது பாலிங் டேங்கர். பாலிங்கிலிருந்து வந்த செய்தியை எடுத்தார்கள். பால் நன்று. திரையில் பச்சை.

பாலிங் லேபில் இருந்தவர் பரமேஸ்வரி. அமிலம் பார்ப்பது, செய்தி அனுப்புவது இரண்டும் அவர் வேலை. அன்று மத்தியானமே எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, நான் கெட்டுப்போச்சுன்னுதான் அனுப்பினேன். சந்தேகத்துக்கு ரெண்டாவது தடவையும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அனுப்பினேன் லா. இப்ப போய் நல்லாருக்குன்னு நான் சொன்னேன்னு சொல்றாங்க!"

"லேப் புத்தகத்துல எழுதி வச்சிருக்கியாம்மா?"

"எழுதியிருக்கேன். காட்டினேன். நீ இப்ப எழுதினேங்கிறாரு உங்க சார்."

ஞானசேகரம் அப்படிச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பேனா எந்த நேரத்திலும் எழுதும். எனக்கு உறுத்தியது வேறு. மாலைக்குள் ஒரு ராஜினாமாக் கடிதம் டைப் செய்யப்பட்டு பாலிங்குக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் விசாரணை, அதன் முடிவில் பொய் அறிக்கை கொடுத்தவர் என்று பதிவு. அந்தப் பதிவு விழுந்தால் குலிம் வரை எந்த லேபும் அவரை உள்ளே விடாது. எதையுமே எழுதாத மனிதர் இதை மட்டும் இவ்வளவு வேகமாக எழுதவைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

பரமேஸ்வரி கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குறியீட்டைப் பற்றி விளக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஞானசேகரத்தின் இரண்டு விரல் என் மேசைக்கு வந்தது.

"பச்சை வந்தா செய்தி பாலிங்லேர்ந்து வந்ததுன்னு அர்த்தம். அத மட்டும் சொல்லிட்டு உக்காந்துருங்க."

அதை மட்டும் சொல்லச் சொல்பவர் யாராக இருந்தாலும் மற்றதையும் போய்ப் பார்ப்பது என் வழக்கம். காரை எடுத்துக்கொண்டு பாலிங் போனேன்.

பரமேஸ்வரியை நான் நம்பினேன் என்று எழுத ஆசைதான். நம்பவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. குற்றம் செய்தவர் முகமும் வெளுக்கும். அவருடைய கணினியைப் பார்த்தேன். அங்கு வேறு யாரும் வந்துபோன அறிகுறி இல்லை. பிறகு நிலையத்துச் சூப்பர்வைசர் மணியத்திடம் போனேன். மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றி பரமேஸ்வரியிடமும் லூனாசிலும் சொல்வது அவர் பொறுப்பு.

"இந்த மாசக் கடவுச்சொல்லை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க மணியம்?"

"நான் எங்கண்ணே தேர்ந்தெடுத்தேன். ரோட்டுல கிடைச்சது. சிம்பாங்குல, ரோடு பிரியிற இடத்துல, லோரி ஒண்ணு கவுந்துச்சு பாருங்க, அதோட நம்பர்."

விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணுக்கு நாலு நம்பர் லாட்டரியில் பணம் வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் எண்ணைப் படம் எடுத்துவிடுவார்கள்.

"அந்த நம்பர் ஊருக்கே தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"அப்புறம் எப்படி அது ரகசியம்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு படித்தவனுக்கு இது விளங்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

"அண்ணே, அது அடிக்கல லா. ஊரே அதுல வச்சு ஊரே ஏமாந்துச்சு. அடிக்காத நம்பரை இனிமே எவன் தொடுவான்? வாயால சொல்லக்கூட மாட்டான். அதான் சேஃப்."

பக்கத்து ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். எல்லாருக்கும் அவர் நானா. சோதித்துப் பார்த்தேன்.

"நானா, சிம்பாங்குல கவுந்த லோரியோட நம்பர் என்ன?"

கையில் இழுத்த தேநீர் தரையில் சிந்தாமல், திரும்பாமல், எண்ணைச் சொன்னார். அடுத்த மேசையில் இருந்தவரும் கூடவே சொன்னார்.

"காலையிலேயே அந்த நம்பரை ஞாபகப்படுத்துறியே தம்பி," என்றார் நானா. "என் மருமகன் அதுல விட்டதுக்கு இன்னும் என் மக சோறு போடல."

தேநீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாலிங்கில் பல் விளக்கும் எவருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியும். இதைப் போய் விசாரணையில் சொன்னால் என்ன ஆகும்? பரமேஸ்வரி செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லை என்றாகும். செய்யவில்லை என்றும் ஆகாது. ஞானசேகரம் தன் வழக்கப்படி கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "ஊர்ல எவனும் செஞ்சிருக்கலாம், அவளும் ஊர்லதானே இருக்கா" என்பார். அது நியாயமான வாதம்தான்.

லூனாஸ் திரும்பியதும் அந்தச் செய்தியைத் திரையில் காட்டும் அழகான வடிவத்தில் அல்லாமல், கம்பியில் வந்த வடிவத்திலேயே திறந்தேன். உப்பு இருந்தது. அடுத்து சுற்றுகளின் எண்ணிக்கை. பாலிங்கிலிருந்து அதற்கு முந்தைய நாட்களில் வந்த செய்திகளையும் திறந்தேன். எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை. கையுறையைக் கெடுத்த செய்தியில் மட்டும் அதைவிடப் பல மடங்கு.

விளக்கம் எளிது. எத்தனை சுற்று அரைக்க வேண்டும் என்று எங்கள் நிரல் சொல்லாது. லைப்ரரியே ஒன்றை வைத்துக்கொள்ளும். கணினிகள் வேகமாக ஆக ஆக, லைப்ரரியின் புதிய பதிப்புகளில் அதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை செய்தியோடு சேர்ந்தே போவதால் பழையதும் புதியதும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும், பச்சை வரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாலிங் கணினியில் இருந்தது பழைய பதிப்பு. அங்கே இணைய இணைப்பு அப்படி. நான் போய்க் கையால் போட்டால்தான் உண்டு, இன்னும் போகவில்லை. புதிய பதிப்பை முதலில் லூனாசில் மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆக, அந்தச் செய்தி பாலிங்கில் பிறக்கவில்லை. லூனாசில் பிறந்தது. பரமேஸ்வரி அனுப்பியதை யாரோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. சரிபார்க்க வேண்டுமே என்று நாங்களே லூனாசில் வைத்திருக்கிறோம். சரிபார்ப்பவன் கையிலும் அதே சாவி, கவிதா. பச்சை என்றால் 'எங்கள் இருவரில் ஒருவர்' என்றுதான் பொருள். 'அவர்' என்று பொருள் இல்லை. லைப்ரரியில் ஒரே ஒரு ஃபங்ஷன்தான் இருக்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாயே, அதைத்தான் சொல்கிறேன்.

புதிய பதிப்பு இருந்தது இரண்டே கணினிகளில். ஒன்று ஞானசேகரத்தின் அறையில் இருந்த சரிபார்க்கும் கணினி. மற்றது என்னுடையது.

இரண்டையும் சொல்வதென்று முடிவு செய்தேன். இதில் என் நேர்மையை யாரும் புகழ வேண்டாம். ஒன்றை மட்டும் நான் சொன்னால், மற்றதை அவர் சொல்வார். அவர் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும்.

விசாரணை, கம்பெனிக் கூட்ட அறையில். மனிதவளப் பிரிவின் ஃபரிடா அம்மையார், எங்கள் ஊர் வழக்கில் புவான் ஃபரிடா, தலைமை. ஒரு பக்கம் ஞானசேகரம். எதிரில் பரமேஸ்வரி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. ஞானசேகரம் சுருக்கமாகப் பேசினார். செய்தி பாலிங்கிலிருந்து வந்தது, பச்சை விழுந்தது, இதை எங்கள் நிபுணர் உறுதிப்படுத்துவார்.

நிபுணராகிய நான் எழுந்து என் மடிக்கணினியைத் திரையோடு இணைத்தேன். அந்த மாதக் கடவுச்சொல்லைப் போட்டு, பாலிங்கின் பெயரில் ஒரு செய்தி எழுதினேன்: 'டேங்கரில் வருவது தேங்காய்ப்பால். தரம் நன்று.' சரிபார்த்தேன். பச்சை.

புவான் ஃபரிடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரமேஸ்வரிக்கு வரவில்லை. ஞானசேகரம் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"இது விளையாட்டு," என்றார். "இதனால அந்தப் பொண்ணு செய்யலன்னு ஆகாது."

"ஆகாது சார். அது அடுத்த பக்கத்துல இருக்கு."

சுற்று எண்ணிக்கையைக் காட்டினேன். பழைய செய்திகள், அந்தச் செய்தி, பக்கத்தில் பக்கத்தில். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு என்ற நிறுவல் பதிவையும் காட்டினேன். புவான் ஃபரிடா இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார். பிறகு மலாயில் மெதுவாக, "ஜாடி, சியாப்பா?" என்றார். அப்படியானால், யார்?

"இந்த ரெண்டு கணினில ஒண்ணுல உட்கார்ந்தவர்," என்றேன். "ஒண்ணு என்னுது."

ஞானசேகரம் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப, நீங்க. இல்லன்னா நான்."

"ஆமா சார்."

"என் ரூம் கதவு பகலெல்லாம் திறந்துதான் கிடக்கும். புரொடக்‌ஷன்ல லைன் நிக்கக்கூடாதுன்னு எத்தனை பேரு வந்துபோறாங்க."

"என் இடத்துக்குக் கதவே கிடையாது சார்."

ராஜினாமாக் கடிதத்தை புவான் ஃபரிடாவே கிழித்தார். பரமேஸ்வரி அன்றே வேலைக்குத் திரும்பினார். இரண்டு கணினிகளையும் யாரோ வந்து எடுத்துப் போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அறிக்கையில் 'அடையாளம் தெரியாத உள் நபர்' என்று இருந்ததாகக் கேள்வி. ஞானசேகரம் கொஞ்ச நாளில் பெரிய பதவியோடு வேறு கிளைக்குப் போனார். எனக்கு ஒரு புதிய மேசை கிடைத்தது. வாசலுக்கு நேராக, போகிற வருகிறவர் எல்லாரும் என் திரையைப் பார்க்கும்படி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன்.

கடவுச்சொல்லை விட்டுவிட்டு இரட்டைச் சாவி முறைக்கு மாற அனுமதி கிடைத்தது. அதில் ஒப்பமிடும் சாவி அனுப்புபவரிடம் மட்டும் இருக்கும். லூனாசில் இருக்கும் சாவியால் சரிபார்க்க மட்டும்தான் முடியும், புதிதாகச் செய்ய முடியாது. முதலில் பாலிங்குக்கே போனேன்.

பரமேஸ்வரி எனக்கு நாற்காலி போட்டார், மைலோ கலக்கிக் கொடுத்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் ஆசைகள் உண்டு.

"அண்ணே, அந்த ரெண்டு கணினில ஒண்ணு உங்களோடதுதானே?"

"ஆமாம்மா."

"நீங்களாண்ணே செஞ்சீங்க?"

"இல்ல."

"அத நான் எப்படி நம்புறது?"

மைலோவை மேசையில் வைத்தேன். பல அதிகாரிகள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

"நம்பாத," என்றேன். "நம்ப வேண்டிய அவசியம் இல்லாம பண்ணத்தான் இப்ப வந்திருக்கேன். இந்தச் சாவியை நீயே உருவாக்கணும். அதுக்குப் பூட்டா ஒரு வாக்கியம் வைக்கணும், நீளமா. அது உனக்கு மட்டும்தான் தெரியணும். லூனாசுக்குத் தெரியக்கூடாது, மணியத்துக்குத் தெரியக்கூடாது."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியக்கூடாது."

"நான் டைப் பண்றப்போ பக்கத்துல நிக்கிறவங்க பாத்துட்டாங்கன்னா?"

"போச்சு."

கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்க வெளிய நில்லுங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க."

வெளியே வந்தேன். வெயிலில் டேங்கர் நின்றது. அமோனியா மூக்கில் ஏறியது. எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். மணியம் அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வெரட்டிட்டாளா?" என்றார்.

"வெரட்டிட்டா," என்றேன்.

அவர் எனக்கு வெயிலுக்குக் குடை கொண்டுவருவதற்குள் ஜன்னலைவிட்டு நன்றாகத் தள்ளி, திரை ஒதுங்கினால் உள்ளிருந்து பரமேஸ்வரிக்குத் தெரியும்படி, முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.